லக்சம்பர்க் விண்வெளித் துறைக்குள் நுழைவது எப்படி: படிப்பு, வேலை, காகிதங்கள்

இந்தியப் பாஸ்போர்ட்டோடு லக்சம்பர்க் விண்வெளித் துறையில் படிக்கவோ வேலை பார்க்கவோ நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதுகலை வழியாகப் போய் அங்கேயே வேலைக்கு மாறியவன். தகவல் எல்லாம் அரசுத் தளங்களில் இருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும், எது தவறினால் எல்லாமே தள்ளிப்போகும் என்பதெல்லாம் பத்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது, பாதி பிரெஞ்சில். அதை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் உங்களுக்காவது அலைச்சல் மிச்சம். கட்டணமும் வரம்பும் ஆண்டுதோறும் மாறும் என்பதால், எதையும் அனுப்பும் முன் 'கிஷே' என்ற அரசு சேவைத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. அந்த நாட்டில் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள்

ராக்கெட் எஞ்சின் செய்யும் ஆசை இருந்தால் வேறு நாடு பாருங்கள். லக்சம்பர்க்கில் ஏவுதளம் இல்லை, ராக்கெட் தொழிற்சாலை இல்லை. மொத்தப் பரப்பே 2,586 சதுர கிலோமீட்டர். அங்கே இருப்பது செயற்கைக்கோள்களை இயக்கும் தொழிலும், அதைச் சுற்றி வளர்ந்த சட்டமும் முதலீடும், சின்னச் சின்னக் கம்பெனிகளும்.

பெரியது எஸ்இஎஸ். 1985இல் தொடங்கிய செயற்கைக்கோள் கம்பெனி, தலைமையகம் பெட்ஸ்டோர்ஃப் என்ற கிராமத்தில், பழைய மாளிகை ஒன்றை ஒட்டி வரிசையாக டிஷ் ஆன்டெனாக்களோடு இருக்கிறது. 2025இல் இன்டெல்சாட் என்ற இன்னொரு செயற்கைக்கோள் கம்பெனியையும் வாங்கிவிட்டார்கள். செயற்கைக்கோள் கட்டுப்பாடு, தரை நிலையம், நெட்வொர்க், அலைவரிசை ஒருங்கிணைப்பு ஆகியவற்றில் அனுபவம் இருந்தால் உங்களுக்கு முதல் இடம் இதுவும் இதைச் சுற்றியுள்ள கம்பெனிகளும்தான்.

அடுத்தது விண்வெளி வளங்கள், அதாவது நிலவிலோ சிறுகோளிலோ தண்ணீரும் கனிமமும் எடுக்கும் யோசனை. 2017 ஜூலை 20 தேதியிட்ட சட்டம் அப்படி எடுக்கும் பொருளைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்கிறது. அமெரிக்காவுக்கு அடுத்து இப்படிச் சட்டம் போட்டது இந்த நாடுதான். 2020இல் எஸ்ரிக் என்ற ஐரோப்பிய விண்வெளி வள மையத்தையும் தொடங்கினார்கள். ஐஸ்பேஸ் என்ற ஜப்பானிய கம்பெனியின் ஐரோப்பியக் கிளை இங்கே 'டெனேஷியஸ்' என்ற 5 கிலோ ரோவரை (நிலவில் ஓடும் சின்ன வண்டி) செய்தது. 2025 ஜூனில் அதைச் சுமந்துபோன லேண்டர் (தரையிறங்கு கலம்) நிலவில் மோதியதில் ரோவரும் போனது.

இதோடு ஓகியூ டெக்னாலஜி (செயற்கைக்கோள் வழியாகக் கருவிகளை இணைப்பது), ஸ்பையர், ரெட்வயர், எக்டர்நாக்கில் தேன்கூட்டுப் பலகை செய்யும் யூரோ காம்போசிட்ஸ் என்று ஒரு பட்டியலே உண்டு. லக்சம்பர்க் விண்வெளி முகமையின் தளத்தில் கம்பெனிகளின் அடைவு இருக்கிறது, அதை ஒரு மாலை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். இந்த முகமை 2018இல் தொடங்கியது. நாசா, இஸ்ரோ போலச் சொந்தமாக விண்கலம் செய்யும் அமைப்பு இல்லை, கம்பெனிகளை வளர்ப்பதுதான் அதன் வேலை. அங்கே எஞ்சினியர் வேலை கேட்டு ரெஸ்யூம் அனுப்பிப் பயனில்லை.

2. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு எந்தக் கதவு திறக்கும்

இதைத்தான் பலர் கடைசியில் பார்க்கிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையான ஈசாவில் லக்சம்பர்க் 2005 முதல் உறுப்பினர். ஆனால் ஈசாவின் நிரந்தரப் பணிகள் உறுப்பு நாடுகளின் குடிமக்களுக்கும் அதனோடு ஒப்பந்தம் உள்ள சில நாடுகளின் குடிமக்களுக்கும்தான். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. லக்சம்பர்க்கில் குடியிருந்தாலும் இது மாறாது, குடியுரிமைதான் கணக்கு.

அதே ஈசா பணம் வேறு வழியில் உங்களிடம் வரும். உறுப்பு நாடு கட்டும் தொகைக்கு ஈடாக அந்நாட்டுக் கம்பெனிகளுக்கு ஈசா ஒப்பந்தம் தருகிறது. 'லக்ஸ்இம்பல்ஸ்' என்ற தேசியத் திட்டமும் அப்படித்தான் கம்பெனிகளுக்கு ஆராய்ச்சி நிதி கொடுக்கிறது. அந்தக் கம்பெனிகள் யாரை வேண்டுமானாலும் வேலைக்கு எடுக்கலாம், வேலை அனுமதி கிடைத்தால் போதும். அதனால் விளம்பரத்தில் எந்தத் திட்ட நிதியில் வேலை, எத்தனை மாதம் என்று பாருங்கள். நேர்காணலில் கேட்கவும் தயங்க வேண்டாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு தடை பாதுகாப்புச் சரிபார்ப்பு. அரசும் எஸ்இஎஸ்ஸும் சரிபாதியாக நடத்தும் கவ்சாட் போன்ற இடங்களில், ராணுவத் தொடர்புள்ள வேலைகளுக்குக் குடியுரிமை கேட்பார்கள். அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பாகங்கள் இருக்கும் திட்டத்திலும் இதே கதைதான். விளம்பரத்தில் இந்த வார்த்தைகள் இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள், நேரம் மிச்சம்.

3. படிப்பு வழி

லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தில் பல்துறை விண்வெளி முதுகலைப் படிப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டு, ஆங்கிலத்தில், பொறியியலோடு வணிகப் பாடமும் சேர்த்து. விண்வெளி முகமையும் சேர்ந்து உருவாக்கிய படிப்பு என்பதால் உள்ளூர்க் கம்பெனிகளோடு தொடர்பு நெருக்கம், இன்டர்ன்ஷிப் தேடும்போது இது புரியும். பல்கலைக்கழகத்தில் நிலவு மண் போலக் கரும்பாறைச் சரளை கொட்டி, ஒரு மூலையிலிருந்து மட்டும் சூரியன்போல விளக்கு அடிக்கும் ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. ரோவரை அந்த நிழலுக்குள் ஓட்டிப் பார்த்தால்தான் கேமரா எதற்குத் திணறுகிறது என்று தெரியும்.

கட்டணம் ஐரோப்பாவிலேயே குறைந்த வகை, பெரும்பாலான படிப்புகளுக்கு செமஸ்டருக்குச் சில நூறு யூரோதான். இதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், இதில் மிச்சமாவதை எல்லாம் வாடகை விழுங்கிவிடும்.

வகுப்பு செப்டம்பரில் தொடங்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு விண்ணப்பக் கடைசித் தேதி மற்றவர்களைவிட முன்னாலேயே முடிந்துவிடும். காரணம் எளிது, உங்களுக்கு அனுமதியும் விசாவும் வாங்க மாதக்கணக்கில் ஆகும். தளத்தில் இரண்டு தேதி போட்டிருந்தால் முன்னால் இருப்பதுதான் உங்களுடையது. அந்தத் தேதிக்கே காத்திருக்காமல், விண்ணப்பம் திறந்த வாரத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது.

படிக்கும்போது வாரத்துக்குச் சராசரி 15 மணி நேரம் வேலை பார்க்கலாம். அந்தச் சம்பளத்தை நம்பி வரவுசெலவு போடாதீர்கள், வகுப்பும் அறிக்கையும் சேர்ந்தால் அவ்வளவு நேரம் கிடைக்காது. படிப்பு முடிந்ததும் வேலை தேட 9 மாத அனுமதி கேட்கலாம். அது தானாக வராது, மாணவர் குடியிருப்பு அட்டை காலாவதியாவதற்கு முன் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும்.

4. நேராக வேலை வழி

இரண்டு தடங்கள். சம்பளம் நன்றாக இருந்தால் ஐரோப்பிய ஒன்றிய நீல அட்டை, அதாவது உயர்தகுதி ஊழியர்களுக்கான அனுமதி. ஆண்டுச் சம்பள வரம்பு 60,000 யூரோவுக்கு மேல், ஒவ்வோர் ஆண்டும் ஏறும். ஆறு மாதமாவது நீளும் ஒப்பந்தமும் பட்டமோ இணையான தகுதியோ வேண்டும். பெரிய வசதி என்னவென்றால் உள்ளூரில் ஆள் கிடைக்கிறாரா என்ற சோதனை இதற்குக் கிடையாது.

சம்பளம் அதற்குக் கீழே என்றால் சாதாரண ஊழியர் அனுமதி. இதில் கம்பெனி முதலில் அடெம் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் காலியிடத்தைப் பதிய வேண்டும். உள்ளூர் ஆள் இல்லை என்று அடெம் சான்று கொடுத்த பிறகுதான் உங்கள் பெயரில் விண்ணப்பம் போடமுடியும். ஆள் பற்றாக்குறைத் தொழில்களின் பட்டியலில் உங்கள் வேலை இருந்தால் சான்று சீக்கிரம் வரும். சின்ன ஸ்டார்ட்அப் என்றால் இந்த நடைமுறையே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன்பே "அடெம் சான்று வாங்கியாச்சா?" என்று கேளுங்கள். அந்தச் சான்று இல்லாத ஒப்பந்தம் வெறும் காகிதம்.

அனுமதி கேட்ட பிறகு பதில் வர நான்கு மாதம் வரை ஆகலாம், நீல அட்டைக்குக் கொஞ்சம் குறைவு. கம்பெனி "அடுத்த மாதமே வந்து சேருங்கள்" என்று சொல்வதை நம்பி இருக்கும் வேலையை ராஜினாமா செய்துவிடாதீர்கள்.

சாதாரண ஊழியர் அனுமதியின் முதல் அட்டை அதிகபட்சம் ஓராண்டுக்கு, ஒரே துறையில் ஒரே தொழிலுக்கு மட்டும். விண்வெளி ஸ்டார்ட்அப்கள் திடீரென்று மூடும் தொழில் இது. க்ளீயோஸ் ஸ்பேஸ் என்ற லக்சம்பர்க் செயற்கைக்கோள் கம்பெனி 2023இல் திவாலானது. சிறுகோள் சுரங்கம் தோண்டப்போவதாகச் சொன்ன பிளானட்டரி ரிசோர்சஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியில் அரசே முதலீடு செய்து பணத்தை இழந்தது. அதனால் இரண்டு கம்பெனி அழைத்தால் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள், யாரிடம் இன்னும் ஓராண்டுக்குப் பணம் இருக்கிறது என்று பாருங்கள்.

5. ஊரிலேயே முடிக்க வேண்டிய காகிதங்கள்

அனுமதி விண்ணப்பத்துக்குக் கேட்பவை: பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் நகல் (வெற்றுப் பக்கமும்தான்), பிறப்புச் சான்றிதழ், போலீஸ் சான்று, ரெஸ்யூம், பட்டச் சான்றிதழ், சேர்க்கைக் கடிதம் அல்லது வேலை ஒப்பந்தம். மாணவர் என்றால் பண ஆதாரமும் காப்பீடும் கூட. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் தவிர வேறு மொழியில் இருந்தால் அங்கீகரித்த மொழிபெயர்ப்பு வேண்டும்.

நம் ஆட்களுக்கு இடிக்கும் இடம் பிறப்புச் சான்றிதழ். பழைய சான்றிதழ்களில் குழந்தை பெயர் இடமே காலியாக இருக்கும், பதிவு செய்த அன்று பெயர் வைத்திருக்க மாட்டார்கள். சிலது தமிழில் மட்டும் இருக்கும். முதலில் அதை எடுத்துப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் பெயர் சேர்த்து, இரு மொழியில் புதிய பிரதி வாங்குங்கள். இதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

அடுத்து இனிஷியல். சான்றிதழில் "எஸ். குமரன்", பாஸ்போர்ட்டில் "குமரன் சுப்பையா", பட்டத்தில் "குமரன் எஸ்" என்று மூன்று விதமாக இருந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அது மூன்று ஆள். எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு நோட்டரி உறுதிமொழியை ஆங்கிலத்தில் வாங்கி மேலே வையுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுவது உத்தமம். இல்லாவிட்டால் வங்கி, காப்பீடு, குடியிருப்பு அட்டை எல்லாவற்றிலும் ஒவ்வொரு விதமாகப் பெயர் விழும்.

அப்புறம் அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரை. பிறப்புச் சான்றிதழுக்கு மாநில உள்துறையிலும் பட்டத்துக்கு மாநில உயர்கல்வித் துறையிலும் முதலில் சரிபார்ப்பு, அதன் பிறகுதான் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. அமைச்சகத்தின் சொந்தக் கட்டணம் மிகக் குறைவு, ஏஜென்ட் கேட்பதுதான் ஆயிரக்கணக்கில் போகும். போலீஸ் சான்றுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய். ஆனால் அதைச் சீக்கிரமே வாங்கி வைக்காதீர்கள், சில மாதம் பழசானால் புதிது கேட்பார்கள். மற்ற எல்லாம் தயாரான பிறகு கடைசியாக வாங்குங்கள்.

6. வரிசை: அனுமதி, விசா, பயணம்

பலர் தடுமாறுவது இங்கேதான். லக்சம்பர்க்கில் முதலில் விசா கேட்கக் கூடாது. முதலில் குடிவரவுத் துறையிடம் தற்காலிகத் தங்கும் அனுமதி கேட்க வேண்டும், நீங்கள் இந்தியாவில் இருக்கும்போதே. சுற்றுலா விசாவில் போய் அங்கிருந்து கேட்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், நாட்டுக்குள் நுழைந்த பிறகு போடும் விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள்.

அனுமதிக் கடிதம் வந்ததும் 90 நாள் கணக்கு ஓடத் தொடங்கும். அதற்குள் டி விசா (நீண்ட காலம் தங்குவதற்கான விசா) வாங்கியாக வேண்டும். கடிதம் மின்னஞ்சலில் வந்து ஸ்பாம் பெட்டியில் கிடந்தாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் தினமும் அங்கேயும் பாருங்கள். டி விசா டெல்லியில் உள்ள லக்சம்பர்க் தூதரகத்தின் பொறுப்பு, கட்டணம் 50 யூரோ. நேரில் எங்கே கொடுக்க வேண்டும், எப்போது என்பதை அவர்களிடம் எழுதிக் கேட்டு உறுதி செய்த பிறகே ரயிலோ விமானமோ பதியுங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டமும் அதிகம், அங்கே விடுமுறைக் காலமும் கூட.

மாணவர்களுக்கான பண ஆதாரத்தில் ஒரு வார்த்தை. விண்ணப்பத்துக்கு முந்தைய நாள் பெரிய தொகை வந்து விழுந்த வங்கிக் கணக்கு சந்தேகத்தைத்தான் கிளப்பும். சில மாதமாக அப்படியே இருக்கும் இருப்பு, கல்விக்கடன் ஒப்புதல் கடிதம், உதவித்தொகைக் கடிதம் ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதைத் தெளிவாகக் காட்டுங்கள்.

7. வந்து இறங்கியதும்

வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் தங்கும் ஊரின் கம்யூன் (உள்ளாட்சி) அலுவலகத்தில் வருகையைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட், அனுமதிக் கடிதம், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் அசலாகக் கொண்டுபோங்கள். அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள் என்று எண்ண வேண்டாம், சின்ன ஊர்களில் லக்சம்பர்கிஷும் பிரெஞ்சும்தான். தேவையான நான்கு வாக்கியத்தை பிரெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டால் காரியம் நடக்கும்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை, இரண்டு பாகம்: ஒரு மருத்துவரிடம், அப்புறம் காசநோய்ச் சோதனை. இரண்டுக்கும் முன்பதிவு கிடைக்க நாளாகும், முதல் வாரத்திலேயே போன் செய்யுங்கள். இது முடிந்த பிறகு வந்த மூன்று மாதத்துக்குள் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பம், கட்டணம் 80 யூரோ.

பேருந்து, டிராம், ரயில் எல்லாம் 2020 முதல் இலவசம். முதல் வகுப்பு ரயில் பெட்டிக்கு மட்டும் காசு. பாஸ் எதுவும் வாங்கத் தேவையில்லை, கேட்டால் யாரோ ஏமாற்றுகிறார்கள்.

8. வீடு

விண்வெளியைவிடக் கடினமான பகுதி. பகிர்ந்து தங்கும் ஓர் அறைக்கே மாதம் 800 யூரோவுக்கு மேல் கேட்பது சாதாரணம். பல்கலைக்கழக விடுதிக்குத் தனி விண்ணப்பம் உண்டு, இடம் குறைவு. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே போட்டுவிடுங்கள்.

2024 ஆகஸ்டில் வந்த வாடகைச் சட்டப்படி முன்பணம் அதிகபட்சம் இரண்டு மாத வாடகை, ஏஜென்சிக் கட்டணத்தை வீட்டுக்காரரும் நீங்களும் பாதிப் பாதி. நான் பார்த்த ஒரு வீட்டுக்காரர் மூன்று மாதம் கேட்டார், சட்டத்தைக் காட்டியதும் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்லதாய்ப் போயிற்று. இன்னொரு பொறி, குறைந்த வாடகைக்குக் கொடுத்துவிட்டு "இந்த முகவரியில் கம்யூனில் பதியக் கூடாது" என்பவர்கள். பதிவு இல்லையென்றால் குடியிருப்பு அட்டை இல்லை, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பவும் வேண்டாம்.

ஜெர்மனியின் ட்ரியர், பிரான்சின் தியோன்வில், பெல்ஜியத்தின் ஆர்லோன் ஆகிய ஊர்களிலிருந்து தினமும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு வருகிறார்கள், வாடகை அங்கே குறைவு. சக ஊழியர் சொன்னார் என்று நீங்களும் அங்கே குடியேறிவிடாதீர்கள். லக்சம்பர்க் அட்டை லக்சம்பர்க்கில் குடியிருக்கத்தான். எல்லை தாண்டி வாழ அந்தந்த நாட்டின் அனுமதி தனியாக வேண்டும். இலவசப் பயணமும் எல்லையோடு முடிந்துவிடும்.

9. சொந்தக் கம்பெனி ஆசை இருந்தால்

எஸ்ரிக் மையம் விண்வெளி வள ஸ்டார்ட்அப்களுக்கு ஆதரவுத் திட்டம் நடத்துகிறது. வசந்த காலத்தில் நடக்கும் ஸ்பேஸ் ரிசோர்சஸ் வீக்கில் இந்தத் துறை ஆட்கள் பெரும்பாலும் ஒரே கூடத்தில் கிடைப்பார்கள். வேலை தேடுபவர்களுக்கும் அது நல்ல இடம், விளம்பரம் வராத வேலைகள் அங்கே பேச்சில் வரும்.

2017 சட்டத்தின் அனுமதி என்ற பேச்சு வந்தால் கொஞ்சம் நிதானம். மென்பொருளோ சென்சாரோ செய்யும் கம்பெனிக்கு அது தேவையே இல்லை. விண்வெளிக்குப் போய் வளத்தைத் தேடவோ எடுக்கவோ செய்பவருக்குத்தான். அதற்கு நாட்டில் பதிந்த கம்பெனி, இடர் மதிப்பீடு, பத்து விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர்களின் விவரம் எல்லாம் கேட்பார்கள். விண்ணப்பத்தை ஆராய்வதற்கான கட்டணமே 5,000 முதல் 500,000 யூரோ வரை, எவ்வளவு என்று அமைச்சர் முடிவு செய்வார். அனுமதியை இன்னொருவருக்கு விற்க முடியாது, 36 மாதத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஏவுவதற்கு ராக்கெட்டில் இடம் உறுதியாகும் முன் இந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடாதீர்கள்.